மியூட் பொத்தானுக்கு அடியில்

சங்கரன்கோவில் பாவடித் தெருவில் சங்கரகோமதியின் லேப்டாப்பிலிருந்து முதல் சத்தம் கீழே விழுந்தபோது மணி காலை ஒன்பதரை. கூரியர்காரர் வர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது, பக்கத்துக் கொட்டகையில் வள்ளிநாயகம் அண்ணாச்சியின் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சத்தம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் புளியங்கொட்டை விழுந்த மாதிரி விழுந்தது. தரையில் பட்டு, இரண்டு உருள் உருண்டு, கட்டில் காலில் முட்டி நின்று, "ஏன்?" என்றது.

அது அவளுடைய குரலேதான்.

சங்கரகோமதி லேப்டாப்பை மடியில் வைத்தாள். தெருவில் அவளை எல்லாரும் கோமு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாயைத் தொட்டுப் பார்த்தாள். வாய் மூடித்தான் இருந்தது.

நாலு வருஷமாக அந்த லேப்டாப் அவளோடு இருந்தது. ஆஸ்திரேலியாவில் பல்வலி வந்தவர்களுக்கு எந்த டாக்டரிடம் எந்த நேரம் என்று குறித்துக்கொடுக்கும் வேலை. கம்பெனி சென்னையில், வேலை வீட்டிலிருந்தே. வேலைக்கு எடுக்கும்போது, "உங்க வீடு அமைதியான இடம்தானே?" என்று கேட்டார்கள், "ரொம்ப அமைதி" என்றாள், சொல்லும்போதே ஆறு தறியும் டடக்கு டடக்கு என்று அடித்தன, "அது என்ன சத்தம்?" என்றார்கள், "மழை" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யை நாலு வருஷம் நனையாமல் காப்பாற்ற வேண்டியிருந்தது. கம்பெனிக்கு முக்கியமான விதி இரண்டுதான்: மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுத்துவிட வேண்டும், பின்னால் வீட்டுச் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. அவள் பேசும்போது மழை பெய்தது, பேசாதபோது மியூட் பொத்தானில் விரல் இருந்தது. குக்கர் கூவினால் மியூட், தெருக்குழாயில் சண்டை வந்தால் மியூட், மேளம் போனால் மியூட். ஆஸ்திரேலியாவில் சிலபேர் சங்கரன்கோவிலை ஓயாத மழை ஊர் என்றே நம்பினார்கள், அங்கே குடத்துத் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை கம்பெனி நூற்றி நாற்பது பேரை ஒரே கூட்டத்தில் சேர்த்தது. எல்லாரையும் அங்கிருந்தே மியூட் செய்துவிட்டு, இந்தப் பிரிவை மூடுகிறோம் என்று ஒரு பெண் சிரித்த முகமாக வாசித்தாள். கோமு "ஏன்?" என்றாள். உதடு அசைந்தது, சத்தம் போகவில்லை. நூற்றி நாற்பது சின்னக் கட்டங்களுக்குள் நூற்றி நாற்பது வாய்கள், தொட்டி மீன்கள் மாதிரி, திறந்து திறந்து மூடின.

அந்த "ஏன்" போகாமல் அங்கேயே கிடந்திருக்கிறது, இப்போது வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளும் கம்பெனியே அனுப்பியிருந்தது, கூடவே ஒரு காகிதம். ஒட்டியிருப்பதையெல்லாம் உரித்துவிடவும், மேலே உள்ள கறைகளைத் துடைக்கவும், விசைகளுக்கு இடையில் உள்ள தூசியை எடுக்கவும், சார்ஜரும் ஹெட்செட்டும் மறக்காமல் வைக்கவும், வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு இயந்திரம் தானாகவே எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும். அன்று வியாழக்கிழமை. காலையில் முதல் வேலையாக, நாலு ஆயுதபூஜைக்கு மூடியின்மேல் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்தாள். அப்புறம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் விசைகளைத் தட்டினாள். மியூட் பொத்தானில் எழுத்தே அழிந்து, அம்மிக்கல் மாதிரி நடுவில் குழி விழுந்திருந்தது. ஊக்கை விட்டு நெம்பியதும் அது கழன்று வந்தது. அதற்கு அடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு இருட்டு இருந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"ஏட்டி கோமு!" என்று எதிர்வீட்டுப் பிச்சம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வாரியலோடு வந்து நின்றாள். கோமுவின் வீட்டுக்காரர் கைலாசத்துக்கு அக்கா, கோமுவுக்கு மதினி. "நான் ஒன்னய கூப்பிடவே இல்லியே, எதுக்கு ஏன்னு சொல்லுத?"

பாவடித் தெருவில் "ஏன்" என்பது கேள்வி இல்லை, பதில். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், எங்கே இருந்தாலும், வாயில் சோறு இருந்தாலும், "ஏன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவர்களைப் பற்றி, கூப்பிட்ட குரலுக்கு ஏன்னு கேக்கத் துப்பில்ல என்பார்கள். அதைவிடப் பெரிய வசவு அந்தத் தெருவில் கிடையாது.

"நான் சொல்லல மதினி. அதுதான் சொல்லிச்சு" என்று கோமு தரையைக் காட்டினாள்.

"அதுகிட்டயும்தான் சொல்லுதேன். யாரும் கூப்பிடல, போ" என்றாள் மதினி, கோழியை விரட்டுகிற மாதிரி. அந்த "ஏன்" தரையிலிருந்து போய்விட்டது. போன கையோடு அடுத்தது விழுந்தது: குக்கர் விசில். கோமு அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், அடுப்பில் இருந்தது பானை. விசில் தரையில் கிடந்து கூவிக்கொண்டே இருந்தது. பழக்கதோஷத்தில், "இந்தா வந்துட்டேன், வந்துட்டேன்" என்றாள், அதுவும் போனது, தன்னோடு ஒட்டிக்கொண்டிருந்த நூறு விசிலையும் கூட்டிக்கொண்டு.

அப்படித்தான் அதன் நடைமுறை புரிந்தது. மியூட் பொத்தான் கடைசியாக விழுங்கியது மேலே இருந்தது, முதலில் விழுங்கியது அடியில். யாரைக் கூப்பிட்ட சத்தமோ அவர் வந்து பதில் கொடுத்தால்தான் அது போகும், அது போனால்தான் அடுத்தது வரும்.

கீரைக்காரி செல்லத்தாயின் "அரைக்கீரை, சிறுகீரை, அகத்தி" விழுந்தபோது தெருமுனையில் செல்லத்தாயே நிஜமாகக் கூவிக்கொண்டு வந்தாள். தன் குரல் தனக்கு முன்னால் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

"ரெண்டு வருசமா இந்த வாசல்ல நின்னு தொண்ட வத்தக் கத்தியிருக்கேன் தாயி. வேணும்னும் சொல்ல மாட்ட, வேண்டாம்னும் சொல்ல மாட்ட. இங்கிலீசு படிச்ச திமிருன்னு நெனச்சேன்."

"ஒரு கட்டு சிறுகீரை குடுங்க" என்றாள் கோமு, தரையைப் பார்த்து.

"இதுக்கு எதுக்கு என் கொரலப் பிடிச்சு வச்ச?" என்றாள் செல்லத்தாய். ஆனாலும் கீரையைக் கொடுத்தாள்.

பத்தரை மணிக்குள் தெரு முழுக்க விஷயம் போய்விட்டது. தெருவில் ஒருத்தரும் இது எப்படி என்று கேட்கவில்லை. என் சத்தம் இருக்கா என்றுதான் கேட்டார்கள். ரேஷன் கடைக்கு நிற்பது போல வாசலில் நின்றார்கள். "பிச்சம்மா, தண்ணி வந்துட்டு!" என்று ஒரு குரல் விழும், பிச்சம்மாள் "ஏன், இந்தா வாறேன்" என்பாள், போய்விடும். என்றைக்கோ வந்த தண்ணீர், என்றைக்கோ போன தண்ணீர், ஆனாலும் பதிலுக்குத்தான் மரியாதை. மத்தியில் தறிச்சத்தம் விழுந்தது. இதற்கு யார் பதில் சொல்வது என்று முழித்தபோது வள்ளிநாயகம் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது மூணாம் நம்பர் தறி. நூலு அறுந்துட்டுன்னு சொல்லுது" என்றார். "இந்தா வாறேன், இந்தா வாறேன்" என்று அதற்குச் சமாதானம் சொன்னார். தறிச்சத்தம் நாலு வருஷத்து மழையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

அதற்கு அடுத்தது ஒரு பெண்குரல், மெதுவாக, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்ட மாதிரி: "ஏங்க, காப்பி ஆறுது."

வாசலில் ஒருத்தரும் அசையவில்லை. அண்ணாச்சியின் வீட்டுக்காரி பகவதி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அண்ணாச்சி சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பதில் சொன்னால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். "ஏங்க, காப்பி ஆறுது" என்று அது இரண்டாவது தடவையும் சொன்னது, மூன்றாவது தடவையும் சொன்னது, நாலாவது தடவை கொஞ்சம் கோபமாகச் சொன்ன மாதிரி இருந்தது. அப்போது அவர், "ஏன்... இந்தா வந்துட்டேன்" என்றார். அப்புறம் நேரே கொட்டகைக்குப் போய் ஆறு தறியையும் நிறுத்திவிட்டு வந்தார். வேலைநாளில், கரண்டு இருக்கும்போது, அந்தத் தறிகள் நின்றதைத் தெரு பார்த்ததில்லை. எல்லாருக்கும் காது அடைத்துக்கொண்டது, சிலர் காதுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்கள்.

அந்த அமைதியில்தான் இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆடித்தபசுத் திருவிழா மேளம் வந்து விழுந்தது. பிச்சம்மாள் மதினி விரலை மடக்கினாள். தெருவே கும்பிட்டதும் மேளம் போனது, பங்குனி வந்தது, தைப்பொங்கல் வந்தது. திடீரென்று அவள் முகம் மாறியது.

"ஏட்டி" என்றாள். "இது பின்னால பின்னால போகுது. இப்படியே அடியில போனா, பேச்சி பேசின காலம் வருமே."

கோமு கட்டில் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் மகள் பேச்சி, ஒரு தார்க்குச்சியில் மிஞ்சின நூலைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். நாலேமுக்கால் வயது. குலதெய்வம் பேச்சியம்மன் பேர். ஒரு வயதில் அம்மா என்றாள், தா என்றாள், காக்கா என்றாள். இரண்டு வயதில், குழாயை யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி மூடியது போல, நின்றுபோனது. திருநெல்வேலியில் காதைப் பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பேச்சியம்மனுக்கு மூன்று பொங்கல் வைத்தாகிவிட்டது. "பேரு பேச்சி, பேச்சத்தான் காணும்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள், கோமு போனால் நிறுத்திக்கொள்வார்கள்.

பிள்ளையின் குரல் தொலையவில்லை, உள்ளே கிடக்கிறது. நாலு மணிக்கு எல்லாம் அழியும். கோமு கம்பெனிக் காகிதத்தைத் தேடி எடுத்தாள். காகிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"வணக்கம் மேம், நான் நிவேதிதா. சொல்லுங்க மேம்."

"இத இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கிடலாமா? என் பிள்ள கொரல் உள்ள இருக்கு."

"பர்சனல் ஃபைல் எல்லாம் நீங்களே காப்பி எடுத்துக்கணும் மேம்."

"ஃபைல் இல்லம்மா. கொரலு."

"ஆடியோ ஃபைலா மேம்?"

"பேசிக்கிட்டிருந்த பிள்ள. நான் அமுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்ணும் எதையோ அமுக்கியிருப்பாள். பிறகு, "நாலு மணிக்கு அது தானா அழிஞ்சிரும் மேம், எங்க கையில இல்ல. வேற ஏதாவது உதவி வேணுமா மேம்?" என்றாள்.

அதற்கப்புறம் தெருவே வேலையில் இறங்கியது. ஒருத்தர் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடிக்க, ஒருத்தர் தட்ட, குரல் விழ விழ ஆளை அடையாளம் சொல்லி ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். வயலுக்குப் போனவர்களைக் கூட்டிவந்தார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பாதி வகுப்பில் கூட்டிவந்தார்கள், கட்டிக்கொடுத்துப் போன பெண்ணை ராஜபாளையத்திலிருந்து போனில் "ஏன்" சொல்ல வைத்தார்கள், அது செல்லுபடியானது. பட்டறையிலிருந்து கைலாசம் கிரீஸ் கையோடு வந்தான், வந்த நேரம் அவன் குரலே விழுந்தது: "கோமு. கோமு. ஏ கோமு."

"ஏன்?" என்றாள் கோமு, அவனைப் பார்த்து.

"அது... அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தேன்" என்று அவன் தலையைச் சொறிந்தான். "மறந்துபோச்சு."

"நல்ல விசயமா கெட்ட விசயமா?" என்று செல்லத்தாய் கேட்டாள்.

"நல்ல விசயமாத்தான் இருக்கும். கெட்டதுன்னா மறக்காதுல்லா" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள், கோமு சிரிக்கவில்லை.

இரண்டரை மணிக்குப் பிச்சம்மாள் மதினியின் குரல் விழுந்தது. யாரிடமோ வாசலில் நின்று பேசிய குரல், மூன்று வருஷத்துக்கு முந்தின குரல்: "எந்நேரமும் காதுல அதத்தான் மாட்டிக்கிட்டிருக்கா. பிள்ள கெடந்து கத்துது, திரும்பிப் பாக்கல. இவளுக்கெல்லாம் எதுக்குப் பிள்ள?"

வாசலில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மதினி சேலைத்தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நாலு வருஷமாக அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டி, கால் கழுவிவிட்டு, தூங்க வைத்தவள் அவள்தான். குரல் தரையில் கிடந்து, "எதுக்குப் பிள்ள, எதுக்குப் பிள்ள" என்றது. கோமுவிடம் சொல்லாவிட்டாலும் அது கோமுவைத்தான் கேட்டிருந்தது, எனவே அவள்தான் பதில் சொல்ல வேண்டும், நேரமோ போய்க்கொண்டிருந்தது.

"சரியாத்தான் கேட்டிருக்கீங்க மதினி" என்றாள் கோமு.

அது போய்விட்டது. மதினிதான் போகவில்லை. வந்து கோமுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்து விழுந்தது பேச்சு இல்லை. "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம், பாம்பு போல நீளமாக. கோமுவின் சத்தம். பிள்ளை பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரு விரலைப் பொத்தானிலும் ஒரு விரலை உதட்டிலும் வைத்துக்கொண்டு அவள் சொன்னது. தனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. ஆனால் அந்த ஒன்று விழுந்து கட்டிலுக்கு அடியில் சுருண்டதும், வெளியே நின்றவர்கள்கூட ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏன்" என்றாள் கோமு. அது போகவில்லை. மதினி "ஏன்" என்றாள். கைலாசம் சொன்னான், வாத்தியார் சொன்னார், தெருவே ஒரே குரலாகச் சொல்லிப் பார்த்தது. உஸ்ஸ்ஸ் என்று அது அப்படியே கிடந்தது. மணி மூன்று பத்து, மூன்று பதினைந்து.

"அது பேச்சியக் கூப்பிட்ட சத்தம்லா" என்றார் வள்ளிநாயகம் அண்ணாச்சி. "அவதான் பதில் சொல்லணும்."

எல்லாரும் பேச்சியைப் பார்த்தார்கள். பேச்சி தார்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, சுட்டுவிரலை எடுத்துத் தன் உதட்டில் வைத்தாள்.

அப்போதுதான் கோமுவுக்கு விளங்கியது. பிள்ளை பதில் சொல்லாமல் இல்லை. சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், மூன்று வருஷமாக, தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம், அம்மா சொன்னதற்கு அம்மா சொன்னபடியே. கூப்பிட்ட குரலுக்கு இப்படி ஏன் என்று கேட்ட பிள்ளை அந்தத் தெருவில் வேறு இல்லை.

பதில் இருந்தும் போகாத சத்தத்தை என்ன செய்வது? கோமு கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். பச்சைமிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. அதைப் பிடித்து வெளியே இழுத்து, ஒரு வாட்டி எல்லாரையும் பார்த்துவிட்டு, வாயில் போட்டு விழுங்கினாள். தொண்டையிலிருந்து வயிறு வரை அது போன வழி தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "தண்ணி குடிட்டி" என்று மதினி சொம்பை நீட்டினாள். தள்ளிவிட்டாள்.

பிறகு லேப்டாப்பைத் தட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூட்டை அவிழ்ந்து பயறு கொட்டியது போல, தரை முழுக்க, "அம்மா, அம்மா, அம்மா."

ஒரு வயதுப் பிள்ளையின் குரலும் ஒன்றேமுக்கால் வயதுப் பிள்ளையின் குரலும் கலந்து கிடந்தன. குக்கர் விசில் நூறுக்கும் ஒரு பதில் போதுமாயிருந்தது, இவை அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பதில் வேண்டும். மதினி பழக்கத்தில், "ஏன்டா செல்லம்" என்று ஒன்றைப் பார்த்துச் சொன்னாள், அது அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்த்தது போலத்தான் இருந்தது, திரும்பவும் "அம்மா" என்றது. மதினி கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏன்?" என்றாள் கோமு. "ஏன் கண்ணு. ஏன்டா. ஏன் தாயி. ஏன், என்ன வேணும், ஏன், அம்மா இங்கதான் இருக்கேன், ஏன்." பதில் வாங்கியது ஒவ்வொன்றும் தரையிலிருந்து எழுந்து, கூட்டுக்குத் திரும்பும் சிட்டுக்குருவி மாதிரி, பேச்சியின் கழுத்துக்குழியில் போய் மறைந்தது. பேச்சி கழுத்தைத் தடவிக்கொண்டாள், கூசியது போல. இத்தனை தடவையா? ஒரு நாளைக்கு இத்தனை தடவையா? தொலைதேசத்தில் பல்வலி வந்தவனை நாலாவது மணி வரை காக்க வைக்காதவள், இத்தனை தடவையா? ஒரு அம்மா பசிக்கிற அம்மா, ஒரு அம்மா பயந்த அம்மா, ஒன்று விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட அம்மா, பாதிக்கு மேல் எதுவும் வேண்டாத, சும்மா கூப்பிட்டுப் பார்த்த அம்மா. கோமுவின் குரல் கம்மியது. "ஏன்" சொல்வதை அவள் நிறுத்தவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கூரியர்காரர் மரியசெல்வம் வண்டியை நிறுத்தினார். "பார்சல் ரெடியா? நாலு மணிக்குள்ள நான் ஸ்கேன் பண்ணணும்" என்றார்.

"ஒரு கலர் சோடா குடிங்க" என்று செல்லத்தாய் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எனக்கு நேரமில்ல தாயி."

"ஒங்க சத்தமும் உள்ள இருந்துச்சுய்யா. கூரியர் கூரியர்னு காலையிலயே விழுந்துச்சு. அவதான் ஏன்னு சொல்லி அனுப்பிச்சா. அதுக்காவது உக்காருங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தரையில் கிடந்ததைக் கேட்டார். கலரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது அம்மாகூட இல்லை, "ம்மா", பால் குடித்த உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். பேச்சி முதல்முதலாக அம்மா சொன்னது ஒரு கார்த்திகை தீபத்தன்று, விளக்கு ஏற்றும்போது, என்று கோமு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். நோட்டில் எழுதிக்கூட வைத்திருக்கிறாள். இந்த "ம்மா"வுக்குப் பின்னால் தீபாவளி வெடி கேட்டது.

கோமு லேப்டாப்பைக் கீழே வைத்தாள். கைலாசம், "சொல்லு கோமு" என்றான், "மணியாச்சு."

"ஏன்" என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அந்த "ம்மா"வுக்கு அது போதுமாக இருந்தது.

நாலு மணிக்குத் திரையில் வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மியூட் பொத்தானைப் பழையபடி அமுக்கி மாட்டினாள், அதற்கடியில் இருட்டு எதுவும் இல்லை, சாதாரணத் தூசிதான். குமிழ்த்தாளில் சுற்றி, சார்ஜரையும் ஹெட்செட்டையும் மறக்காமல் வைத்து, பெட்டியை ஒட்டினாள். மரியசெல்வம் நாலு மணி நாலு நிமிஷத்துக்கு ஸ்கேன் செய்தார். "நெட்வொர்க் இல்லன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார்.

தெரு பேச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றது. பேச்சி தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். "பேசுட்டி தங்கம்" என்றார்கள். "அம்மா சொல்லு" என்றார்கள். மிட்டாய் காட்டினார்கள். பேச்சி எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் கலைந்தார்கள். ராத்திரிச் சோறு ஆக்க வேண்டும், வகுப்பு பாதியில் நிற்கிறது, கீரை வாடிவிடும். வள்ளிநாயகம் அண்ணாச்சி கொட்டகைக் கதவில் கை வைத்து நின்றார், ஆனால் தறியைப் போடவில்லை.

கோமு வாசலில் நின்று வண்டி முனை திரும்பிப் போவதைப் பார்த்தாள். வயிற்றுக்குள் விழுங்கியது இன்னும் எரிந்தது. செல்லத்தாய் கொடுத்த கீரை காலையிலிருந்து படியில் கிடந்தது, அதை எடுக்கக் குனிந்தபோது ஏதோ நினைவு வந்து, திரும்பிப் பார்க்காமலே, "பேச்சி" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டவுடன் அவளுடைய வலதுகைச் சுட்டுவிரல் தன்னால் துடித்து, அமுக்க ஒரு பொத்தானைத் தேடியது. கீரைக்கட்டில்தான் போய் அழுந்தியது.

உள்ளே தார்க்குச்சி தரையில் உருண்டது. அப்புறம், நாள்பட்ட பெட்டியைத் திறக்கிற மாதிரி கரகரத்து, ஒரு குரல்:

"ஏன்?"

எதிர்வீட்டில் பிச்சம்மாள் மதினியின் கையிலிருந்து வாரியல் விழுந்தது. கொட்டகை வாசலில் அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டார், அறுந்த நூலைக் கேட்பது போல. கோமு கீரையோடு குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

"ஏன்?" என்றது உள்ளேயிருந்து, கொஞ்சம் பொறுமை இழந்து. "ஏம்மா?"

கோமுவுக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பது மறந்துபோயிருந்தது.